மழை நோட்டும் வயிற்று நோட்டும்

காலை எட்டரை மணிக்கு எஸ்டேட் ஆபீஸின் பின்பக்கம் போய் மழைமானியைத் திறந்து, முந்தின நாள் பெய்ததை அளந்து எழுதுவது என் வேலைகளில் ஒன்று. பதினாறு வருடங்களாக ரைட்டராக இருக்கிறேன். ஆள் வருகை, உர மூட்டை, மிளகு எடை என்று எல்லாவற்றையும் எழுதுகிறேன் என்றாலும் எனக்குப் பிடித்தது மழையை எழுதுவதுதான். மழை பெய்யாத நாளிலும் போய்ப் பார்த்து, பூஜ்யம் என்று எழுதி நேரம் போடுவேன். பூஜ்யம் எழுதாமல் விட்டால் பிறகு புரட்டிப் பார்க்கிறவருக்கு வறட்சிக்கும் சோம்பலுக்கும் வித்தியாசம் தெரியாது.

மகளின் நோய்க்குப் பெயர் கிடைத்த மறுநாள், மார்ச் மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில், இரண்டாவது நோட்டு ஒன்றைத் தொடங்கினேன். அதே நீள அளவு, அதே காலிகோ அட்டை. பத்தி பிரித்துக் கோடு போட்டேன்: காலை, மதியம், இரவு, இடையில் தின்றது, மலம், உறக்கம், மருந்து, எடை. மனைவி அதற்கு வயிற்று நோட்டு என்று பெயர் வைத்தாள். முதலில் கேலியாகத்தான் சொன்னாள். பிறகு அதுவே பெயராகிவிட்டது.

மகளுக்கு அப்போது நான்கு வயது. இரண்டு வயதிலிருந்தே வயிறு சரியில்லை. தின்றது தங்காது, ஒரு வாரம் பேதி, மறு வாரம் உப்பல். கையும் காலும் குச்சியாக இருக்க, வயிறு மட்டும் சட்டைப் பொத்தானை இழுத்துக்கொண்டு நிற்கும். பூச்சி மருந்து கொடுத்தோம். மலையடிவாரத்தில் குப்பனூரில் ஒருவரிடம் தொக்கம் எடுத்தோம். அவர் ஏதோ ஒரு துணுக்கை எடுத்துக் காட்டி, இதுதான் அடைத்துக்கொண்டிருந்தது என்றார். நான் அதையும் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன். கடைசியில் சேலத்தில் ஒரு டாக்டர் ரத்தம் எடுத்து, தொண்டை வழியாகக் குழாய் விட்டுக் குடலைப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"கோதுமைதாங்க. அலர்ஜின்னு சாதாரணமா எடுத்துக்காதீங்க. கோதுமை, மைதா, ரவை, பார்லி எது போனாலும் இந்தப் பிள்ளையோட குடல் அதையே எதிரியா நினைச்சுத் தன்னையே புண்ணாக்கிக்கும். இதுக்கு மாத்திரை கிடையாது. சாப்பாடுதான் மருந்து. ஒரு துணுக்குகூடப் போகக் கூடாது."

"எத்தனை நாளைக்குங்க?" என்று கேட்டேன்.

"ஆயுசுக்கும்."

மனைவியும் நானும் ஏற்காடு பஸ் ஏறினோம். மலைப்பாதையில் பாதி வளைவு ஏறியபின், "இவளுக்குக் கல்யாணத்துல யாரு தனியா சமைப்பாங்க?" என்றாள். நான்கு வயதுப் பிள்ளை எங்கள் இருவரின் மடியிலும் குறுக்கே படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

மனைவி குப்பனூரில் ஒரு பள்ளியில் டீச்சர். காலை முதல் பஸ்ஸில் இறங்கினால் சாயங்காலம்தான் வருவாள். என் குவாட்டர்ஸ் ஆபீஸுக்கு ஐம்பது அடி தூரத்தில் இருப்பதால் அடுப்படி முன்பிருந்தே என்னுடையது. அந்த மார்ச்சில் அதை முழுவதும் காலி செய்தேன். டப்பா டப்பாவாக எடுத்து லேபிள் படித்தேன். சேமியா, ரவை, கோதுமை மாவு, மால்ட் பவுடர், கடையில் வாங்கிய மசாலாப் பொட்டலங்கள் எல்லாம் வெளியே போயின. சப்பாத்திக் கட்டையையும் தோசைக்கல்லையும் யாருக்கோ கொடுத்துவிட்டுப் புதிய கல் வாங்கிப் பழக்கினேன். மாவு மில்லில் கோதுமையும் அரைப்பார்கள் என்பதால் அரிசி, ராகி எல்லாம் வீட்டிலேயே கழுவி உலர்த்தி மிக்ஸியில் அரைத்தேன். கரடியூர்ப் பக்கத்திலிருந்து சாமை வாங்கி, ஒவ்வொரு பிடியாகத் தட்டில் பரப்பிப் பார்த்துக் கஞ்சி வைத்தேன்.

எங்கள் குவாட்டர்ஸுக்குக் கீழே எஸ்டேட் ஆட்களின் லைன் வீடுகள். அதில் முதல் வீட்டில் இருந்த அம்மாதான் பகலில் மகளைப் பார்த்துக்கொண்டார். பல வருடம் காப்பிப் பழம் பறித்து முழங்கால் போனவர். பிள்ளைகள் திருப்பூரில். என் மகள் அவரைப் பெரியம்மா என்று கூப்பிடுவாள். நாளடைவில் நாங்களும் அப்படியே. அவரிடம் கொடுக்கக் கூடாதவற்றின் பட்டியலைத் தமிழில் எழுதி, தேதி போட்டுக் கொடுத்தேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. "நீங்க குடுங்க, நான் யாரையாச்சும் வச்சுப் படிச்சுக்கிறனுங்க" என்று வாங்கிக்கொண்டார்.

ஏப்ரல், மே இரண்டு மாதமும் நோட்டில் நல்ல மாதங்கள். உப்பல் வற்றியது. மகள் தானாகவே வந்து "பசிக்குதுங்கப்பா" என்று சொன்ன நாளை அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன். காப்பி எடை போடும் எலக்ட்ரானிக் தராசில் சனிக்கிழமைதோறும் அவளை நிறுத்துவேன். பதினொன்று இருநூறு, பதினொன்று நானூறு, பதினொன்று அறுநூறு. அவளுக்கு அந்தச் சிவப்பு எண்களைப் பார்ப்பதில் அவ்வளவு ஆசை. தராசில் நிற்கும்போது மூச்சை அடக்கிக்கொள்வாள், மூச்சு விட்டால் எடை குறைந்துவிடும் என்று.

ஜூனில் மழை வந்தது. எடை நின்றது. பிறகு இறங்கியது.

என்ன தவறு என்று புரியவில்லை. அடுப்படியில் மாற்றம் இல்லை. ஒரே அரிசி, ஒரே சாமை, ஒரே வாழைப்பழம். பிள்ளைக்குச் சளி பிடிக்கக் கூடாது என்று ரசம் வைக்கத் தொடங்கியிருந்தேன். மிளகு நம் தோட்டத்து மிளகு, சீரகம் முழுசாக வாங்கி வறுத்தது. வயிறு உப்பிய நாளில் பெருங்காயத்தை வெந்நீரில் கரைத்துத் தொப்புளைச் சுற்றித் தடவி, அரை ஸ்பூன் உள்ளுக்கும் கொடுத்தேன். அடங்காவிட்டால் மறுநாள் ரசத்தில் இன்னும் கொஞ்சம் கூடுதலாகப் போட்டேன். வேறு எதுவும் செய்யவில்லை என்றுதான் அப்போது நினைத்தேன்.

செப்டம்பரில் டாக்டர் ரத்த ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "கோதுமை உள்ள போய்க்கிட்டே இருக்குங்க."

"வாய்ப்பே இல்லைங்க டாக்டர்." நோட்டை எடுத்து மேசையில் வைத்தேன். அவர் மரியாதைக்காக நாலு பக்கம் புரட்டினார்.

"நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா ரத்தம் வேற சொல்லுது. டிசம்பர் வரைக்கும் பார்ப்போம். அதுக்குள்ள எங்கிருந்து போகுதுன்னு கண்டுபிடிங்க. அப்பவும் இப்படியே இருந்தா மறுபடி மயக்க மருந்து குடுத்துக் குழாய் விட்டுப் பார்க்கணும். ஸ்டீராய்டு ஆரம்பிக்க வேண்டி வரலாம். இந்த எடையில பிள்ளைக்கு அது லேசான விஷயம் இல்லை."

டிசம்பர். மூன்று மாதம். அதைச் சொல்லிக்கொண்டு மலை ஏறினேன்.

அன்றிலிருந்து வீடு வேறு மாதிரி ஆகிவிட்டது. ஜன்னலைச் சாத்தினேன், பக்கத்து வீட்டுப் பலகார மாவு பறந்து வந்துவிடும் என்று. சர்ச்சில் ஞாயிறு பூசை முடிந்ததும் வாசலில் டீயும் பன்னும் கொடுப்பார்கள். அதற்குப் பயந்து முன்வரிசையை விட்டுக் கடைசி பெஞ்சுக்கு மாறினோம், பிறகு போவதையே விட்டோம். சொந்தக்காரர் வீட்டு விசேஷங்கள் எதற்கும் போகவில்லை. மனைவி பள்ளியில் மதியம் என்ன தின்றாலும் வந்ததும் குளித்துவிட்டுத்தான் பிள்ளையைத் தூக்க வேண்டும் என்று சொன்னேன். அவள் ஒரு வாரம் அப்படியே செய்தாள். எட்டாம் நாள் ஈரத் தலையோடு அடுப்படி வாசலில் நின்றுகொண்டு, "உங்களுக்கு இது பிள்ளையா, தானியக் கிடங்கா?" என்று கேட்டாள். அன்று மழை முப்பத்தொரு மில்லிமீட்டர்.

சாயங்காலம் பெரியம்மா வீட்டிலிருந்து மகளைக் கூட்டி வரும்போது, "வாயைத் திற சாமி, ஊது" என்பேன். அவள் திறந்து ஊதுவாள். மோந்து பார்ப்பேன். உள்ளங்கையையும் மோந்து பார்ப்பேன். பிஸ்கட் வாசம் ஒருநாளும் வரவில்லை. பெருங்காய வாசம்தான் வரும். அந்த வாசம் பிஸ்கட் வாசத்தை மறைத்துவிடுகிறதோ என்றுகூட நினைத்தேன். இரண்டு வாரத்தில் நான் கேட்பதற்கு முன்பே, என்னைப் பாதையில் கண்டதும் அவளாகவே ஓடி வந்து, முகத்தை நிமிர்த்தி, வாயைத் திறந்துகொண்டு நிற்கப் பழகிவிட்டாள்.

இன்னொன்றையும் எழுதிவிட வேண்டும். அந்த மாதங்களில் கடைத்தெருவுக்குப் போகும் நாட்களில் நான் ரகசியமாகப் பன் தின்றேன். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் நின்றுகொண்டு, ஒரு பன்னை இரண்டாகப் பிளந்து டீயில் தோய்த்து வேகமாகத் தின்றுவிட்டு, குழாயில் வாய் கொப்பளித்து, சட்டையை உதறிக்கொண்டு வருவேன். வீட்டுக்குள் இல்லாத ஒரு ருசிக்காக மட்டும் இல்லை. யாரும் அளக்காமல், யாரும் எழுதாமல் ஒன்றைத் தின்ன வேண்டும் போலிருந்தது. வயிற்று நோட்டில் என் வயிற்றுக்குப் பத்தி இல்லை.

அக்டோபர் முதல் வாரத்தில் இரண்டு நோட்டுகளையும் அருகருகே விரித்து வைத்தேன். எனக்குச் சந்தேகம் வந்தால் செய்யும் வேலை அது. ஒரு பக்கத்தில் மழை, மறுபக்கத்தில் மலம். தேதிக்குத் தேதி பென்சிலால் கோடிழுத்தேன். மழை பெய்த நாளுக்கு மறுநாள், அல்லது அதற்கடுத்த நாள், பிள்ளைக்கு வயிறு கெட்டிருந்தது. ஜூனிலிருந்து கிட்டத்தட்ட எல்லா இடத்திலும். மழை இல்லாத பத்து நாள் சேர்ந்து வந்த இடத்தில் பிள்ளை நன்றாக இருந்தாள்.

மழைக்கும் குடலுக்கும் என்ன தொடர்பு இருக்க முடியும்? யோசித்தேன். மழை இல்லாத நாளில் மகள் வெளியில் விளையாடுவாள். மழை நாளில் முழுப்பகலும் பெரியம்மா வீட்டுக்குள். ஆகவே அந்த வீட்டுக்குள்தான் கோதுமை இருக்கிறது. பள்ளிக் கணக்குப்போல அவ்வளவு சுத்தமாக விடை வந்தது. பல வருடம் எழுதிப் பழகிய கை, இதற்கு முன் இப்படிப் பயன்பட்டதில்லை என்றுகூட ஒரு கணம் பெருமைப்பட்டேன். அதை மறைக்க விரும்பவில்லை.

அன்றே மதியம், மழையிலேயே குடை பிடித்துக்கொண்டு இறங்கிப் போனேன். மகள் பாயில் தூங்கிக்கொண்டிருந்தாள். பெரியம்மா காலை நீட்டி எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். அலமாரியில் ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது. படம் போட்ட டப்பா, நான் எத்தனையோ நாள் பார்த்ததுதான்.

"பெரியம்மா, அந்த டப்பாவுல என்னங்க இருக்கு?"

அவருக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. காலை மடக்கினார். "தொறந்து பாருங்க ரைட்டரே."

"இல்லைங்க, சும்மா கேட்டேன்."

"சும்மா கேக்க மழையில வருவாங்களா? தொறந்து பாருங்க."

நான் திறந்து பார்த்தேன். பொரி இருந்தது. வெல்லக்கட்டி நாலு. அடியில் நான் எழுதிக்கொடுத்த பட்டியல், கரப்பான் அரிக்காமல் பிளாஸ்டிக் கவரில் மடித்து. மார்ச் மாதத் தேதி, என் கையெழுத்து.

அதோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். நோட்டில் விடை அவ்வளவு சுத்தமாக இருந்ததால் நிறுத்தவில்லை. "அப்புறம் எங்கிருந்துங்க வருது? மழை நாள்ல மட்டும் கெடுது. மழை நாள்ல இங்கதான் இருக்கா."

"மழை பேஞ்சா நான் புள்ளைக்கு வெசம் வைக்கறேன்னு உங்க நோட்டு சொல்லுதாக்கும்."

"அப்படிச் சொல்லலீங்க."

"சொல்லாட்டி என்னங்க. நீங்க வந்துட்டீங்களே." அவர் சத்தம் போடவில்லை. "மார்ச்சு மாசத்துலருந்து இந்த ஊட்டுல ஒரு வர்க்கி, ஒரு பிஸ்கட்டு வாங்கலீங்க. என்ற மவன் பொங்கலுக்கு வந்தாக்கூட வெளியில தின்னுட்டு வாடான்னு சொல்லிப்போடலாம்னு இருந்தேன். எந்திரிக்கட்டும், கூட்டிட்டுப் போங்க. நாளைக்குக் கொண்டாராதீங்க."

மகள் எழுந்ததும் வழக்கம்போல் என் முன்னால் வந்து வாயைத் திறந்தாள். பெரியம்மா அதை அன்றுதான் அருகில் இருந்து பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மறுநாளிலிருந்து மகள் ஆபீஸில். என் மேசைக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு பாய், ஒரு சிலேட்டு, இரண்டு பொம்மை. கூலி வாங்க வருகிறவர்கள் பாசத்தில் எதையாவது கையில் கொடுத்துவிடக் கூடாது என்று வாசலுக்குக் குறுக்கே பெஞ்சைப் போட்டு வைத்தேன். அவள் பெஞ்சின் மேல் தாடையை வைத்துக்கொண்டு வெளியே பார்ப்பாள். மூடுபனி வந்தால் அதையும் பார்க்க முடியாது. இரண்டு வாரம் போனது. இப்போது பெரியம்மா வீடு இல்லை, பன் இல்லை, யாரும் இல்லை. மழை நாளில் வயிறு கெடுவது மட்டும் அப்படியே இருந்தது. நோட்டில் எழுதினேன். விடை தவறு என்று எழுதவில்லை. ஒருவரை அவ்வளவு சொன்னபின் அப்படி எழுத மனம் வரவில்லை.

நவம்பர் நடுவில் பெருங்காயம் தீர்ந்தது.

ஏற்காட்டுக் கடைத்தெருவில் நான் மளிகை வாங்கும் பாயின் கடைக்குப் போனேன். சேலத்துக்காரர், அப்பா காலத்திலிருந்து இங்கே கடை. கட்டிப் பெருங்காயம் கேட்டதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏனுங்க ரைட்டர் சார், ஜூன்லதானுங்க ஒரு பெட்டி வாங்கிட்டுப் போனீங்க. என்ற ஊட்டுல அது ரெண்டு வருசம் ஓடுமுங்க. ஓட்டல் கீட்டல் ஆரம்பிச்சுட்டீங்களா?"

"பாப்பாவுக்குத்தானுங்க. வயிறு நொம்ப மோசம்."

"அடடா," என்று சிறிய அட்டைப்பெட்டி ஒன்றை எடுத்து வைத்தார். மழை பிடித்துக்கொண்டது. குடையை விரிக்காமல் கடைக்குள்ளேயே நின்றேன். சும்மா நிற்கும்போது கையில் இருக்கும் பெட்டியைப் படிப்பது எட்டு மாதப் பழக்கம். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுப் படித்தேன்.

"அதையுமா படிக்கறீங்க?" என்றார் பாய்.

எழுத்து எறும்பு அளவு இருந்தது. என்னென்ன சேர்ந்தது என்ற வரியில் மூன்று பொருள்கள். முதலில் கோந்து. அடுத்தது கோதுமை மாவு. பெருங்காயம் கடைசியில்.

பாய்க்குக் காட்டினேன். அவர் வாங்கிப் பார்த்துவிட்டு, தூள் டப்பா ஒன்றை எடுத்தார். அதிலும் கோதுமை மாவு. "பெருங்காயத்தைத் தனியா வச்சா கையில ஒட்டுமுங்க, காரம் தாங்காது. மாவு சேத்துத்தான் கட்டி புடிப்பாங்க. எல்லாக் கம்பெனியும் அப்படித்தானுங்க. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

எனக்குத் தெரியாது. மார்ச்சில் அடுப்படியிலிருந்த எல்லா லேபிளையும் படித்தேன். பெருங்காயம் அடுப்படி அலமாரியில் இல்லை. ஓமவாட்டர், வசம்பு, தெர்மாமீட்டர் இவற்றோடு மருந்து அலமாரியில், ஜூனில் வாங்கியதன் அட்டையையும் படிக்காமலே வீசிவிட்டு, பழைய தைல டப்பாவில் போட்டு வைத்திருந்தோம். எங்கள் வீட்டில் அது சாப்பாடு இல்லை, வயிற்றுக்கு மருந்து. நோட்டில் மருந்துப் பத்தியிலோ டாக்டர் எழுதிக் கொடுத்ததை மட்டும்தான் எழுதினேன். ஆக எந்தப் பத்தியிலும் அது வரவில்லை. மழை பெய்தால் ரசம். ரசத்தில் பெருங்காயம். வயிறு உப்பினால் இன்னும் பெருங்காயம். எட்டு மாதமாகக் கோதுமையை வீட்டுக்கு வெளியே நிறுத்திக் காவல் காத்துக்கொண்டு, என் கையாலேயே வெந்நீரில் கரைத்து, "ஒரே முழுங்கு கண்ணு" என்று ஊட்டியிருக்கிறேன். அவள் வாயில் தினமும் நான் மோந்து பார்த்தது அதைத்தான்.

எதையும் வாங்காமல் மழையில் நடந்தே வீட்டுக்கு வந்தேன். தைல டப்பாவைக் கழுவி, வெளியே கொண்டுபோய்க் குழி தோண்டிப் புதைத்தேன். அது தேவையில்லாத வேலை என்று அப்போதே தெரியும். மனைவி வந்ததும் சொன்னேன். அவள் மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"பெரியம்மாகிட்ட எப்பப் போறீங்க?"

ஞாயிற்றுக்கிழமை போனேன். அவர் வாசலில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்: பெட்டி, எழுத்து, ரசம். அவர் கடைசி வரைக்கும் கேட்டுவிட்டு, உரித்த மொச்சையை முறத்தில் தள்ளினார்.

"நானும் குடுத்தனுங்க."

எனக்குப் புரியவில்லை.

"பெருங்காயம். புள்ள வவுறு வலிக்குதுன்னு சுருண்டு படுத்துக்குமுங்க மழை நாள்ல. ரெண்டு மூணு தடவ கரைச்சுக் குடுத்தேன். நீங்க குடுக்கற மாதிரியே." நிமிர்ந்து பார்த்தார். "நீங்க ஒடச்சுக் குடுத்த கட்டிதானுங்க அது. ஜூலை மாசம். தேதி உங்களுக்குத்தான் தெரியும்."

தேதி எனக்குத் தெரியவில்லை. எழுதி வைக்கவில்லை. பாதிக் கட்டியை உடைத்துத் தாளில் மடித்து, பாப்பாவுக்கு வலித்தால் கொடுங்கள் என்று நான் கொடுத்தது நினைவு வந்தது. அவர் வீட்டில் கோதுமை இருந்தது என்ற என் விடை, ஆகவே, முழுக்கத் தவறில்லை. அந்த எண்ணம் வந்ததற்காக என்னையே எனக்குப் பிடிக்கவில்லை.

"நாளையிலருந்து பாப்பாவைக் கொண்டாரட்டுங்களா?" என்றேன்.

"வேண்டாமுங்க. தராசுல ஏறட்டும். எடை கூடினா பாக்கலாம். கூடலீன்னா மறுபடி நோட்டைத் தூக்கிட்டு என்ற ஊட்டுக்குத்தான் வருவீங்க."

அது நியாயம் என்பதால் திரும்பி வந்தேன்.

ரசத்தில் பெருங்காயம் நின்றது. வயிறு வலித்த நாளில் வெந்நீர் ஒற்றடம் மட்டும். முதல் பத்து நாள் எந்த மாற்றமும் இல்லை; இதுவும் இல்லையோ என்று நினைத்துக்கொண்டேதான் எழுதினேன். டிசம்பர் வந்துவிட்டது. தோட்டத்தில் பழம் பறிப்பு தொடங்கி, சாயங்காலம் கோடவுன் முன்னால் மூட்டைகளோடு ஆட்கள் வரிசை நிற்பார்கள். டாக்டரிடம் போக வேண்டிய வாரத்துக்கு முந்தின சனிக்கிழமை, கடைசி மூட்டை இறங்கியதும் மகளைத் தராசில் நிறுத்தினேன். அவள் மூச்சை அடக்கினாள். பறிக்கிற பெண்கள் கூடைகளோடு சுற்றி நின்றார்கள். பெரியம்மா முழங்கால் வலியோடு கோடவுன் படி வரைக்கும் வந்து, எனக்காக இல்லை என்பதுபோல வேறு யாரிடமோ பேசிக்கொண்டு நின்றிருந்தார்.

பன்னிரண்டு நூறு.

போன மாதம் பதினொன்று முன்னூறு. நான் அவளை இறக்கிவிட்டு மறுபடி ஏற்றினேன். பன்னிரண்டு நூறு. "செருப்பைக் கழட்டிட்டு நிறுத்துங்க ரைட்டரே, அப்புறம் செருப்பு மேல சந்தேகம் வந்துறப் போவுது," என்றார் பெரியம்மா. பெண்கள் சிரித்தார்கள். செருப்பைக் கழற்றி நிறுத்தினேன். பன்னிரண்டு.

"மூச்சு உடலாமுங்களாப்பா?" என்று கேட்டாள் மகள்.

அடுத்த வாரம் சேலத்தில் டாக்டர் புது ரிப்போர்ட்டைப் பார்த்து, எண் இறங்கத் தொடங்கியிருக்கிறது, குழாய் இப்போதைக்கு வேண்டாம், ஆறு மாதம் கழித்துப் பார்ப்போம் என்றார். பெருங்காயத்தைப் பற்றிச் சொன்னேன். தலையை ஆட்டி, கொடுக்கக் கூடாதவற்றின் பட்டியலில் அதையும் எழுதிக்கொண்டார். போன மார்ச்சில் அவர் எங்களுக்குக் கொடுத்திருந்த பட்டியலின் கடைசி வரியை அன்று மறுபடி படித்தேன். கூட்டுப் பொருட்கள், லேபிள் பார்க்கவும் என்று இருந்தது. அதை மசாலாப் பொட்டலம் என்று நான் படித்திருந்தேன்.

மகளைத் திங்கட்கிழமை பெரியம்மா வீட்டில் விட்டேன். அவர் "வாடா கண்ணு" என்று அவளை மட்டும் உள்ளே கூப்பிட்டார். என்னிடம் பேசத் தைப்பொங்கல் ஆகிவிட்டது.

நோட்டில் இப்போது ஒரு பத்தி கூடியிருக்கிறது: வீட்டு மருந்து. ஜன்னலைத் திறந்துவிட்டேன். சர்ச்சுக்குப் போகிறோம், ஆனால் பன் கொடுக்கும் முன் கிளம்பிவிடுகிறோம். ஜூனில் பள்ளி. டீச்சரிடம் என்ன சொல்வது, பிறந்தநாள் கேக்கை யார் தடுப்பது, டிபன் பாக்ஸ் மாறிப்போனால் என்ன என்று மனைவியும் நானும் தினமும் பேசுகிறோம். ஆயுசுக்கும் என்ற சொல் மலையின் எந்த வளைவிலும் இறங்கிப் போகவில்லை.

மறு மார்ச்சில், வயிற்று நோட்டைத் தொடங்கிய அதே வாரத்தில், கடைத்தெருவிலிருந்து நேராக அவளைக் கூட்டப் போனேன். பாதையில் என்னைக் கண்டதும் ஓடி வந்தாள். வழக்கம்போல் வாயைத் திறக்கப் போகிறாள் என்று, "வேண்டாம் சாமி, இனிமே ஊத வேண்டாம்" என்றேன். அதைச் சொல்ல நாலு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் ஊதவில்லை. "நீங்க ஊதுங்கப்பா" என்றாள்.

விளையாட்டு என்று நினைத்துக் குனிந்து ஊதினேன். மூக்கை என் வாயருகே கொண்டுவந்து, நான் செய்வதைப் போலவே கண்ணை மூடிக்கொண்டு மோந்து பார்த்தாள். டீக்கடைக் குழாயில் அன்று தண்ணீர் வரவில்லை. நான் கொப்பளிக்காமல் வந்திருந்தேன்.

"பன்னு," என்றாள்.

கோபமோ அழுகையோ அந்த முகத்தில் இல்லை. என் சட்டைக் காலரில் ஒட்டியிருந்த ஒரு துணுக்கை, தொடாமல், விரலால் சுட்டிக்காட்டினாள். நான் அதைத் தட்டிவிட்டேன். இருவரும் மேலே நடந்தோம். கொஞ்ச தூரம் போனதும் கேட்டாள்.

"நல்லா இருந்துச்சுங்களாப்பா?"